தண்ணி பொறுக்கும், வேலி பொறுக்காது: ஒட்டுசுட்டான் பக்கத் தோட்டமொன்றின் சோலர் ஆய்வு

2024 ஆனி (யூன்) மாதத்தில் ஒரு விடியற்காலை, நாலே முக்கால் இருக்கும். தொலைபேசியில் மாமி. "தம்பி, ஆனை வந்திட்டுது. வேலி உதைக்கேல்லை. கொட்டிலுக்குள்ள லைற் எரியுது, ஆனா வேலி செத்துப்போச்சு."

மாமி என்றாலும் இரத்த உறவில்லை. போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் அவர்கள் வீட்டுக்கு வயறிங் செய்யப் போன நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், பெரிய வீதியிலிருந்து 800 மீற்றர் காட்டுப்பக்கமாக உள்ளே போனால் அவர்களுடைய தோட்டம். அரை ஏக்கர் மிளகாய், ஒரு ஏக்கர் கச்சான் (நிலக்கடலை), ஓரத்தில் வாழை. ஊர் வீட்டில் கறன்ட் இருக்கிறது. தோட்டம்வரை தூண் போட்டு வயர் இழுக்கக் கேட்ட காசு இரண்டு போக வருமானத்தை விழுங்கிவிடும். அதனால்தான் அங்கே சோலர்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. தனியன் ஒன்றுதான் வந்திருக்கிறது. வடமேற்கு மூலையில் இரண்டு தூணைத் தள்ளி, மிளகாய்ப் பாத்தியை மிதித்துக்கொண்டு நேரே வாழைக்குப் போயிருக்கிறது. மிளகாயை அது தின்னவில்லை. ஆனாலும் ஆனையின் கால் பட்ட பாத்தி பாத்தியாக இல்லை. வாழையில் முப்பத்தைந்து மரம் சரிந்து கிடந்தது. குருத்தை உரித்துத் தின்றுவிட்டுத் தண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

ஆனையை விரட்டக் கம்பி வேலிக்கு மின் அடி கொடுக்கும் வேலி மெசின் செக்கனுக்கு ஒருதரம் 'டிக்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால்தான் மாமிக்கு நித்திரை வரும். அன்றிரவு அது நின்றதால்தான் முழிப்பு வந்தது என்றார். டோர்ச் அடித்துப் பார்க்கையில் வாழைக்குள் கறுப்பாக ஒன்று அசைந்திருக்கிறது. தகரத்தைத் தட்டிக்கொண்டு விடியும்வரை கொட்டிலுக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

முன்கதை

2022இல் நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பங்குனி (மார்ச்) கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. தோட்டக்காரரை அதைவிடப் பலமாக அடித்தது ஆவணியில் (ஓகஸ்ட்) வந்தது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியது. மாமியின் இரண்டு அங்குல மண்ணெண்ணெய் மெசின் மணிக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும். மூன்று மணிநேர இறைப்புக்கு 260 ரூபா போன இடத்தில் ஆயிரத்துக்கு மேல் போனது. மிளகாய்க்கு ஒன்றைவிட்ட ஒருநாள் தண்ணி விட்டாலும் மாதக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்க இந்தச் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறை இது. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினார்கள். மாமி வீட்டில் அந்த ஜாம் போத்தல் விளக்கு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குச் சோலரை விற்கும்போது கணக்கைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அந்த ஐப்பசியில் நகரத்துக் கடையொன்று வந்து பூட்டிக்கொடுத்தது இவ்வளவும்: 330 வாற்றுப் பனல் நாலு, 12 வோல்ற்று 150 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி இரண்டு (தொடராக இணைத்து 24 வோல்ற்று), ஒரு இன்வேட்டர், ஒரு குதிரைவலு மோட்டார். கொட்டிலுக்கு மூன்று லைற், ஒரு காற்றாடி, போன் சார்ஜ் பண்ண ஒரு பிளக். போகிற போக்கில் வேலி மெசினையும் அதோடே கொழுவிவிட்டார்கள். இருபது மாதம் ஓடியது. கடைசி இரண்டு மாதமாக மோட்டார் பாதி இறைப்பில் நின்றுவிடத் தொடங்கியது. கடைக்குச் சொன்னபோது, இன்னும் நாலு பனலும் இரண்டு பற்றரியும் கூட்டவேண்டும் என்றார்களாம். மாமி காசு சேர்த்துக்கொண்டிருந்தார். ஆனை அதற்குள் வந்துவிட்டது.

அளந்து பார்த்தது

முதலில் பற்றரி. எல்லாச் சுமையையும் கழற்றிவிட்டு இரண்டு மணிநேரம் ஆறவிட்டு அளந்தேன். ஒன்று 12.5 வோல்ற்று, மற்றது 11.4. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் அமில மானியை விட்டுப் பார்த்தால் முதலாவதில் 1.250, இரண்டாவதில் 1.130. நல்ல நிறைந்த பற்றரி 1.265க்கு மேலே நிற்கும். 1.130 என்பது வெறும் வயிறு. ஒரே நாளில் வாங்கி, ஒரே வயரில் தொடராக நின்ற இரண்டு பற்றரிக்கு இடையில் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது.

வயரைப் பிடித்துக்கொண்டு போனபோது காரணம் கிடைத்தது. வேலி மெசின் 12 வோல்ற்றில் ஓடுவது. பற்றரி அடுக்கு 24 வோல்ற்று. பூட்டியவர் தனி வழி தேடாமல், கீழே நின்ற பற்றரி ஒன்றின் இரண்டு முனையிலும் வேலி மெசினைக் கொழுவியிருக்கிறார். அந்த மெசின் பெரிதாக ஒன்றும் எடுக்காது, அரை அம்பியர்தான். ஆனால் இரவு பகலாக எடுக்கும். நாளுக்கு 12 அம்பியர்-மணி, ஒரே பற்றரியிலிருந்து. பனலிலிருந்து பற்றரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கொன்றோலர் பார்ப்பது இரண்டினதும் கூட்டுத்தொகையை. கூட்டுத்தொகை 28.8 வந்ததும் 'இரண்டும் நிறைந்துவிட்டது' என்று குறைத்துவிடும். உண்மையில் மேலது 15.1இல் கொதித்துக்கொண்டிருக்கும், கீழது 13.7இல் பசியோடு இருக்கும். ஒன்றுக்குத் தண்ணி வற்றுகிறது, மற்றதற்குத் தகட்டில் சல்பேற்று உப்பு இறுகுகிறது. இருபது மாதம் இப்படி.

லைற் எரிந்ததற்கும் வேலி செத்ததற்கும் விளக்கம் இதுதான். இன்வேட்டர் பார்த்தது 23.9 வோல்ற்று, அதற்கு அது போதும். வேலி மெசின் பார்த்தது 11.4. பற்றரியைக் காப்பாற்ற 11.5க்குக் கீழே தானாக நிற்கும் வகை அது. தன் கடமையைச் சரியாகச் செய்து நின்றுவிட்டது.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. மாமி தண்ணி விடுவது விடியப்புறம் நாலரைக்கு. "வெயிலேறி இறைச்சா வேர் வெந்துபோகும் தம்பி" என்பார். அந்த நேரம் நல்லதுதான். விடியற்காலையில் ஆவியாகிப் போவது குறைவு. ஆனால் நாலரைக்குப் பனலில் ஒன்றுமில்லை. மோட்டார் முழுவதும் பற்றரியில் ஓடுகிறது. இன்வேட்டர் நட்டமும் சேர்த்து 1,100 வாற்று. 24 வோல்ற்றில் அது 46 அம்பியர். இரண்டு மணிநேரத்துக்கு 92 அம்பியர்-மணி.

150இல் 92 போனால் 58 மிச்சம் என்று நினைக்கக்கூடாது. பற்றரியில் எழுதியிருக்கிற 150 என்பது, 7.5 அம்பியர் வீதம் 20 மணிநேரம் ஆறுதலாக எடுத்தால் கிடைப்பது. 46 அம்பியர் வீதம் உறிஞ்சினால் அது நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஆக ஒவ்வொரு இறைப்பு நாளும் அந்தப் பற்றரிகளை அடிமட்டம்வரை வழித்து எடுத்திருக்கிறோம். இப்படி வழித்தெடுத்தால் ஈய அமிலப் பற்றரி தாங்குவது சில நூறு தரம். இருபது மாதத்தில் மாமி முந்நூறு தரமாவது இறைத்திருப்பார். பற்றரி ஏமாற்றவில்லை. தன் ஆயுளை முடித்துக்கொண்டது.

மிச்சமெல்லாம் சின்னப் பிழைகள். பற்றரிப் பெட்டி தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே. பின்னேரம் இரண்டு மணிக்கு உள்ளே 43 பாகை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஈய பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் பிடிக்கும் கணக்கு. பனலிலும் வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். சூடு கூடினால் குறையும். பனலில் எழுதியிருக்கிற வாற்று 25 பாகையில் அளந்தது. வன்னிக் கோடையில் மத்தியானம் பனல் கண்ணாடி 60 பாகைக்கு மேல் போகும், எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அதற்கு மேல், ஓரத்துப் பாலை மரத்தின் நிழல் மூன்று மணிக்கு ஒரு பனலில் விழுகிறது. தொடராக இணைத்த பனலில் ஒன்று நிழலுக்குள் போனால் மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும். மயில் எச்சமும் அப்படித்தான். உள்ளங்கையளவு எச்சம் காய்ந்து கிடந்தால் அந்த இடம் சூடேறிப் பழுதாகும்.

இவ்வளவு நட்டத்தையும் கழித்துப் பார்த்தாலும் நாலு பனலும் நாளுக்கு மூன்றரை யூனிற்றுக்குக் குறையாமல் தந்துகொண்டிருந்தன. தோட்டத்துக்குத் தேவை மூன்றுக்குள். ஆக மின்சாரம் பற்றாக்குறை இல்லை. கடை சொன்ன நாலு பனலைக் கூட்டியிருந்தாலும் இந்த ஆனை இப்படியே வந்திருக்கும்.

எது பொறுக்கும், எது பொறுக்காது

கொட்டில் திண்ணையில் இருந்து மாமியிடமும் அந்த வீட்டு மச்சானிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதில் வெயில் வரும்வரை பொறுக்கக்கூடியது எது?"

தண்ணி பொறுக்கும். தண்ணியை மத்தியானமே இறைத்து வைத்துவிட்டு விடியற்காலை திறந்துவிடலாம். லைற் கொஞ்சம் பொறுக்கும், காற்றாடி இல்லாமலும் ஓர் இரவு கழியும். வேலி மட்டும் ஒரு நிமிடமும் பொறுக்காது. அப்படியென்றால் பெரும் பசிக்காரனான மோட்டாரைப் பற்றரியிலிருந்து பிரிக்கவேண்டும், அரை அம்பியர் எடுக்கிற வேலிக்கு நல்ல பற்றரியைத் தனியாகக் கொடுக்கவேண்டும். மூன்றையும் ஒரு பானையில் போட்டதுதான் எல்லாக் கேட்டுக்கும் அடி.

தண்ணிக் கணக்கு இப்படி. அரை ஏக்கர் என்பது ஏறக்குறைய 2,000 சதுர மீற்றர். கோடையில் மிளகாய்க்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் பிடித்தால் 10,000 லீற்றர். பழைய இறைப்பில் வாய்க்கால் வழியே 18,000 லீற்றர் போனது, பாதிக்குக் கிட்ட வாய்க்கால் மண்ணே குடித்தது. கிணற்றில் கோடைத் தண்ணி ஏழு மீற்றர் ஆழம், தாங்கியின் வாய் தரையிலிருந்து இரண்டரை மீற்றர், குழாய் உராய்வும் சேர்த்துப் பத்து மீற்றர் ஏற்றம். பத்தாயிரம் லீற்றரைப் பத்து மீற்றர் தூக்க இயற்கை கேட்பது 0.27 யூனிற். மோட்டார் நட்டமெல்லாம் சேர்த்தாலும் முக்கால் யூனிற்றுக்குள் முடியும். முன்பு 2.2 யூனிற் செலவழித்தோம்.

மேசன் ஒருவரைப் பிடித்து, கல்லடுக்கி மண் நிரப்பிய மேடையில் 10,000 லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தாங்கி கட்டினோம். பத்துத் தொன் பாரம் என்பதால் மேடைக்குத்தான் கூடுதல் கவனம். மேலே நுளம்பு வலை, அதற்கு மேல் கிடுகு. வெளிச்சம் பட்டால் பாசி பிடித்து, வாய்க்காலுக்குப் பதிலாகப் போட்ட சொட்டுக் குழாயை அடைக்கும். இரண்டு பனலை நேரே ஒரு டீசி மோட்டாருக்குக் கொடுத்தோம். நடுவில் பற்றரியும் இல்லை, இன்வேட்டரும் இல்லை. வெயில் ஏற மோட்டார் வேகமெடுக்கும், முகில் மறைத்தால் மெதுவாகும். தாங்கி நிறைந்தால் மிதவை ஆளி நிறுத்தும். நல்ல வெயிலில் பதினொரு மணிக்கு முன்பே தாங்கி வழியத் தயாராகிவிடுகிறது. மிச்ச நேரத்தில் குழாயை மாற்றிக் கச்சானுக்கு விடுகிறார்கள்.

இதைச் சொன்னால் சிலர், "அப்ப தாங்கித் தண்ணியைக் கீழே விட்டுக் கறன்ட் எடுக்கலாமே" என்கிறார்கள். அந்த முழுத் தாங்கியிலும் இருப்பது 0.1 யூனிற்றுக்கும் குறைவு. ஒரு பத்து வாற்று பல்ப் ஏழு மணிநேரம்கூட எரியாது, அவ்வளவுதான். தண்ணியை ஏற்றி மின்சாரம் சேமிக்க மலை வேண்டும். அரநாயக்காவில் மகா ஓயாத் திட்டமாக 600 மெகாவாற்றுக்குப் பேசப்படுவது அதனால்தான் அங்கே. வன்னி தட்டை நிலம். இங்கே தாங்கியில் கிடப்பது மின்சாரம் இல்லை, மின்சாரம் செய்யவேண்டிய வேலை செய்து முடிந்து கிடக்கிறது. அதுவே மலிவான சேமிப்பு. முந்நூறு தரத்தில் தேய்ந்துபோகாது.

வேலிக்கு 12.8 வோல்ற்று 50 அம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரி ஒன்று புதிதாக வாங்கினோம். 640 வாற்று-மணி. வேலி எடுப்பது 6 வாற்று, நாளுக்கு 144. வெயிலே இல்லாவிட்டாலும் நாலு நாள் தாங்கும். அதற்கு ஒரு முழு 330 வாற்றுப் பனலைக் கொடுத்தேன். மச்சான், "இது குருவிக்குப் பனங்காய் அல்லோ" என்று கேட்டார். கார்த்திகையில் மப்புப் போட்டால் அந்தப் பனல் வழமையில் பத்தில் ஒரு பங்குதான் தரும். பத்தில் ஒரு பங்கு என்றால் 130 வாற்று-மணி, வேலியின் ஒருநாள் தேவைக்குக் கிட்ட. கணக்கு மாரிக்குப் போட்டது, கோடைக்கு அல்ல. நாலாவது பனலும் பழைய பற்றரிகளில் உயிரோடிருந்த ஒன்றும் லைற்றுக்கும் காற்றாடிக்கும்.

லித்தியம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொன்றோலரைப் பழைய அமிலப் பற்றரி அமைப்பிலேயே விட்டுவிடாதீர்கள். அதில் இடைக்கிடை 15 வோல்ற்றுக்குக் கிட்ட ஏற்றிச் சமப்படுத்தும் ஒரு வேலை இருக்கும், லித்தியத்துக்கு அது ஆகாது. 14.2இல் நிறுத்தினேன். பற்றரியைத் தகரத்தடியிலிருந்து எடுத்து, மண்சுவர் மாடத்துக்குள் வைத்து, எறும்பு போகாமல் பற்றரி வைத்த தட்டின் கால்களைத் தண்ணிச் சிரட்டையில் நிறுத்தினோம். பாலை மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மாமியும் விட்டிருக்க மாட்டார். பனலைப் பதினைந்து அடி வடக்கே நகர்த்தினோம்.

செலவு, கடை கூட்டச் சொன்னதில் பாதிக்கும் குறைவாக வந்தது. தாங்கிக்குக் கல்லும் மண்ணும் காணியிலேயே கிடைத்தது அதற்கு ஒரு காரணம்.

நாட்டுக்கும் இதே நோய்

2025 மாசி (பெப்ரவரி) 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் கறன்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டியதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். எல்லாரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். அது ஒரு விடுமுறை நாள், தேவை குறைவு, கூரைச் சோலர் உச்சத்தில் இருந்தது என்பதைக் கொஞ்சப் பேர்தான் பேசினார்கள். பெரிய நீர், நிலக்கரி நிலையங்களின் சுழலிகள் தொன் கணக்கில் பாரத்தோடு சுற்றுவதால், ஓர் அதிர்ச்சி வந்தால் அந்தப் பாரமே சில செக்கன் தாங்கிக்கொடுக்கும். சோலர் இன்வேட்டருக்கு அப்படிச் சுற்றுகிற பாரம் இல்லை. அதிர்வெண் குலைந்தால் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டுக்கு, ஏப்ரல் 13ஆம் திகதியிலிருந்து 21 வரை கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. கடன் எடுத்துச் சோலர் போட்டவர்கள் நல்ல வெயிலில் ஆளியை இறக்கிவிட்டு நின்றார்கள்.

மத்தியானம் எடுக்க ஆளில்லை. மாலை 6.30இலிருந்து 10.30வரை போதவில்லை. மன்னாரில் தம்பபவனியின் முப்பது காற்றாலைகளும் (தலா 3.45, மொத்தம் 103.5 மெகாவாற்று, 2020 மார்கழியில் திறந்தது) சோளகம் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை இரவிலும் சுற்றுகின்றன. பளைப் பக்கத்துக் காற்றாலைகளும் அப்படியே. சோளகம் ஓய்ந்தால் அவையும் தளரும். ஆகவே நாட்டுக்கும் பற்றரி வேண்டும், மலையில் தண்ணி ஏற்றும் நிலையமும் வேண்டும். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது மாமியிடம் கேட்ட அதே கேள்வி என்றுதான் நினைக்கிறேன். வன்னியில் அரிசி ஆலை இருக்கிறது, மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலை இருக்கிறது, ஆயிரக்கணக்கில் இறைப்பு மோட்டார் இருக்கிறது. ஐஸ் மத்தியானம் உறைந்தால் என்ன, இரவு உறைந்தால் என்ன? பகல் மின்சாரத்தை இவற்றுக்கு மலிவாகக் கொடுத்தால், பனலை நிறுத்தச் சொல்லவேண்டிய தேவை எவ்வளவோ குறையும்.

ஆவணியில் மறுபடியும்

புது ஏற்பாடு தொடங்கி இரண்டு மாதத்தில், அதே 2024 ஆவணியில், ஆனை மறுபடியும் உள்ளே வந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த ஆய்வுக்குப் பெறுமதி இல்லை.

இந்தமுறை பற்றரி 13.3, நிறைவாக இருந்தது. மெசின் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. வேலி மானியால் அளந்தால் மெசினடியில் 8 கிலோவோல்ற்று, வடமேற்கு மூலையில் 2.6. அந்த அளவு ஆனைக்கு எறும்பு கடித்த மாதிரி. கொஞ்சம் கொடிகள் கம்பியில் ஏறியிருந்தன, அது ஒரு காரணம். பெரிய காரணம் மண். வேலி உதைப்பதென்றால் மின்சாரம் கம்பியிலிருந்து ஆனையின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கி, மெசினுக்குத் திரும்பி வரவேண்டும். ஆவணிக் கிறவல் மண் ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. கொட்டிலடியில் அடித்திருந்த மூன்று மண்ணிணைப்புக் கம்பிகளும் ஈரமே இல்லாத மண்ணில் சும்மா நின்றன. பற்றரியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது.

அன்றே தாங்கியிலிருந்து சொட்டுக் குழாய் ஒன்றை இழுத்து, மூன்று கம்பிக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டோம். மூன்றாம் நாள் மூலையில் 5.8 காட்டியது. பற்றரியில் இருந்து பிரித்துவிட்ட தண்ணி, வேறு வழியால் வந்து வேலியைத் தாங்குகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வேலி மெசின் பழுதான கோபத்தில் வீட்டு 230 வோல்ற்றை நேரே கம்பியில் கொழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், பன்றிக்கும் கொழுவுகிறார்கள். மெசின் தருவது செக்கனுக்கு ஒருதரம், கண்சிமிட்டும் நேரத்திலும் குறைவான ஓர் அடி. ஆனை வெருண்டு விலகும், மனிதன் பிழைப்பான். நேரே கொழுவிய வீட்டுக் கறன்ட் பிடித்தால் விடாது. இரவில் தண்ணி கட்டப் போகும் பக்கத்துக் காணிக்காரன்தான் அதில் முதலில் மாட்டுவான். அது சட்டப்படியும் குற்றம், மனச்சாட்சிப்படியும் குற்றம்.

அந்தக் கார்த்திகையில் ஐந்து நாள் வெயிலே காணவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் மச்சான் வோல்ற்றைப் பார்த்துப் போனில் சொல்வார். ஐந்தாம் நாளும் 13 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனை வந்து வேலியோடு நடந்த அடி, நனைந்த மண்ணில் வடமேற்கு மூலைவரை தெரிந்தது. உள்ளே ஓர் அடியும் இல்லை.

செத்த பற்றரி இன்னும் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. இரும்பு எடுக்க வருகிறவர் அமிலத்தைக் காணியிலேயே ஊற்றிவிட்டுத் தகட்டை மட்டும் கொண்டுபோகக் கேட்டார், மாமி விடவில்லை. கிணறு இருக்கிற காணி. அடுத்தமுறை நான் நகரத்துக்குப் போகும்போது நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோய், பழைய பற்றரி எடுக்கும் இடத்தில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு வேலையும் மிச்சம். மண்ணிணைப்புக் கம்பிகளை நிரந்தரமாகக் கிணற்றடி ஈரத்துக்கு மாற்றவேண்டும். கொட்டிலிலிருந்து 140 மீற்றர். கச்சான் விற்ற காசில் மாமி வயரை வாங்கிச் சுருள் பிரிக்காமல் தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். சோளகம் தொடங்குமுன் போய் இழுக்கவேண்டும்.